முதுகில் தைத்தது

கொட்பே ஐஸ் கம்பனிக்குள் நான் ஒருநாளும் போனதில்லை.
உப்புவெளியில் தகரக் கூரைக்குக் கீழே
எனக்கு ஒரு மெஷின், ஒரு மின்விசிறி, அவ்வளவுதான்.
முப்பத்தொரு அங்கி. ஒவ்வொன்றின் இடது மார்பிலும்
தீப்பெட்டி அளவில் ஒரு மஞ்சள் துணி தைக்கவேண்டும்.
துண்டுக்குப் பன்னிரண்டு ரூபா.

பெட்டியைக் கொண்டுவந்த பெடியன் கிருபைராசா,
கம்பஸில் இரசாயனம் படித்தவன்.
அமோனியா பட்டால் சிவக்கும் என்றான்.
"மூக்கு பழகிப்போகும் அக்கா, துணி பழகாது."
எனக்கு இது புதினமில்லை.
மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் என்ன ஆகும் என்று
ஆலாத்தித் தட்டு ஏந்திய எவளுக்கும் தெரியும்.

கிழமைக்கு ஒருக்கால் அங்கிகள் திரும்பி வரும்,
செதிலும் டீசலும் வியர்வையுமாக, துண்டு மாற்ற.
வெளிக்காற்றில் சிவப்பு இறங்கிவிடும்.
முழுக்க இறங்காது,
நூலோரத்தில் துருப்போல ஒரு கோடு நிற்கும்.
அதை வாசிக்கப் பழகினேன்.
ஏழாம் இலக்கம் கம்பிரஸருக்குக் கிட்ட நிற்பவர்.
இருபது வாசலில் கட்டி ஏற்றுபவர்.
பதின்மூன்று புது ஆள், எல்லாக் குழாயையும் தொட்டுப் பார்க்கிறது.
முகம் தெரியாத முப்பத்தொரு பேர்,
இழுத்த மூச்சு மட்டும் தெரியும்.

மாசியில் ஒரு கிழமை
எல்லாம் மஞ்சளாகவே வந்தன.
கல்யாணக் கூறைக்குப் பூசியதுபோல, அப்பழுக்கில்லாமல்.
கசிவு அடைபட்டுவிட்டது என்று கிருபைராசா குறித்துக்கொண்டான்.
எனக்குக் கை ஓடவில்லை.
ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் நாலு ஊசி ஓட்டை.
ஏழாம் அங்கியில் கழற்ற மறந்துபோயிருந்தது:
சொப்பிங் பையில் வெட்டிய ஒரு சதுரம்.

மறுநாள் ஏழாம் இலக்கம் நேரேயே வந்தார்.
முஸம்மில். கிண்ணியா. சொல்லுக்கு ஒரு இருமல்.
"சிவந்தா வெளிய அனுப்புறாங்க தங்கச்சி.
வெளிய நிண்டா அரைநாள் சம்பளம்.
மகளுக்கு ஏலெவல் வகுப்புக் காசு கட்டணும்.
மேலால ஒரு பொக்கட் வச்சுத் தாங்களன்."
நூறு ரூபாத் தாள் ஒன்றை மெஷினில் வைத்தார்.
பறக்காமலிருக்க அதன்மேல்
என்னுடைய கத்தரிக்கோலையே தூக்கி வைத்தார்.

மூச்சைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று சொல்ல
என்னிடம் ஒரு அரைநாள் சம்பளம் இல்லை.

அன்றிரவு கரண்ட் போய்ப் போய் வந்தது.
முப்பத்தொரு துண்டையும் பிரித்தேன்.
முதுகில் தைத்தேன்,
இரண்டு தோளுக்கும் நடுவில்,
தன் கை எட்டாமல் சொறிய ஆள் தேடும் இடத்தில்.
போட முன்னம் மூடலாம்தான்.
ஆனால் மூடியிருப்பதைப் பின்னால் நிற்பவன் பார்ப்பான்.
முதுகில் காயம் பட்டால் வெட்கம் என்று
பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம்.
அந்தப் பாடத்தில் ஐஸ் கம்பனி இல்லை.

கிருபைராசா கத்தினான்.
மூச்சுக்குக் கிட்ட இருக்கவேண்டுமாம். அளவு பிழைக்குமாம்.
பிழைக்கட்டும் என்றேன்.
என்னத்தைச் சொன்னேன் என்று அவனுக்கு விளங்கியதோ தெரியாது.
நூறு ரூபாவை ஏழாம் அங்கியின்
பொக்கட்டிலேயே போட்டு அனுப்பினேன்.

பங்குனி பிறந்து இரண்டாம் வியாழன்
மூட்டை வந்தது. வழக்கத்தைவிட நேரத்தோடு.
பிரித்தால், ஏழாம் முதுகில்
துண்டு கறுத்த சிவப்பு. மூன்று நாளாகியும் இறங்கவில்லை.
அதைச் சுற்றி, துணியில்,
ஐஸ் தொட்டியின் உப்புநீர் காய்ந்து வெள்ளையாக
ஒரு உள்ளங்கை. ஐந்து விரலும் விரிந்து.
கிட்டத்தட்ட என் கை அளவு. சின்ன ஆள்தான்.
முழுப்பலத்தோடு தள்ளியிருக்கிறது, வாசல் பக்கமாக.

பதின்மூன்றை எடுத்துப் பார்த்தேன்.
அதன் முதுகிலும் ஒரு கை இருந்தது. வேறு கை.
அதற்குப் பின்னால் இருபது.

எல்லாவற்றையும் வாளியில் ஊறப்போட மனம் வராமல்
மத்தியானம் மட்டும் கொடியில் விட்டேன்.
கடல்காற்றில் முதுகுகள் அசைந்தன.

அரைநாள் வெட்டினார்களா,
எத்தனை பேருக்கு வெட்டினார்கள்,
அது துணியில் தெரியாது.